அறுபது விநாடித் திட்டம்

எங்கள் அலுவலகத்தில் லஞ்சம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அரசு அலுவலகத்தைப் பற்றி ஒருவன் எழுத உட்கார்ந்தாலே, படிப்பவர்கள் மேசைக்கு அடியில் கை நீட்டும் குமாஸ்தாவைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரம்பலூர் ஒருங்கிணைந்த குடும்பப் பதிவு அலுவலகத்தில் நாங்கள் யாரும் யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. குடித்திருந்தால், எங்களிடம் ஒரு காரியமாக வந்த அய்யம்பெருமாளின் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். நாங்கள் விதிப்படி நடந்தோம்.

நான் உத்திராபதி. 2003-ஆம் வருடம் அங்கே இளநிலை உதவியாளர். சரக்குப் பதிவேடும் பீரோச் சாவியும் என் பொறுப்பு. அந்த வருடம் ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கலாம். போனவர்களில் நானும் ஒருவன். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு நாற்காலியில் நான் உட்காரும் விதமே மாறிவிட்டது. நுனியில்தான் உட்காருவேன்.

மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் படம் போட்ட அட்டை கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. கணினியை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அதில் செருகிய சின்னக் கேமராவால் எல்லாரையும் படம் எடுத்தோம். அட்டைக்கு வேண்டிய பிளாஸ்டிக் தாளுக்கு டெண்டர் முடியாததால் ஓர் அட்டைகூட அச்சாகவில்லை. படங்கள் எல்லாம் கணினிக்குள் இருந்தன.

கணினி ஒன்றே ஒன்றுதான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானபோது அந்த மாவட்டத்துக்கென்று வாங்கியது அது. பதினைந்தே மாதத்தில் மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு மறுபடி சேர்த்துவிட்டார்கள். கணினி வேனில் ஏறி வந்துவிட்டது. அதன் காகிதங்கள் வரவில்லை. ஆகவே எங்கள் மேசையில் இருந்தாலும் அது இப்போது இல்லாத ஒரு மாவட்டத்தின் சொத்து. அதைத் துடைக்கலாம், இயக்கலாம். அதில் எதையாவது மாற்றுவதென்றால் உரியவரின் அனுமதி வேண்டும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு கடிதம், ஒரு சீடி. கணினியின் அடிப்படை மென்பொருளில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக இணைய ஒயரில் புழு என்று சொல்லப்படும் நாசகார நிரல் ஒன்று எந்த நேரமும் ஊர்ந்து வரலாம், சீடியை ஏற்றினால் ஓட்டை அடைபடும் என்று கடிதம் சொன்னது. கடைசியில் இரண்டு கட்டளைகள் இருந்தன. சீடியை உடனே ஏற்றவும். சீடி கிடைத்ததற்கு உடனே ஒப்புகை அனுப்பவும். இரண்டாவது கட்டளையை ஒரு மணி நேரத்தில் நிறைவேற்றிவிட்டோம்.

முதல் கட்டளையில்தான் சிக்கல் வந்தது. எங்கள் கண்காணிப்பாளர் சிந்தாமணி அம்மாள் பதிவேட்டில் ஏறாத பொருளைத் தொட விடமாட்டார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு பஞ்சிங் மெஷின் கணக்கில் இடித்ததால் ஓய்வூதியம் இரண்டு வருடம் நின்றுபோயிருந்தது. எங்களிடம் இரண்டு பதிவேடுகள் உண்டு. பேனா, பசை, பினாயில் போன்ற தீர்ந்துபோகும் பொருள்களுக்கு ஒன்று. நாற்காலி, மின்விசிறி போன்ற தீராத பொருள்களுக்கு ஒன்று. சீடியை எதில் எழுதுவது? ஏற்றிய பிறகு உள்ளே மருந்து மிச்சம் இருக்குமா, தீர்ந்துவிடுமா என்று அம்மாள் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

சென்னைக்கு விளக்கம் கேட்டு எழுதினோம். விளக்கம் வரும்வரை உறையை ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து, பீரோவின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். மாவட்ட அலுவலர் இளையபெருமாள் இதை மனமார ஆதரித்தார். சாயங்காலக் கூட்டத்தில் எங்கள் ஏழு பேரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"இது மருந்து. மருந்தைப் பத்திரமா வச்சிருக்கறவன்தான் புத்திசாலி. வந்த அன்னைக்கே குடிச்சுத் தீத்துட்டு, நாளைக்கு நோய் வந்தா என்னத்தக் குடிப்பீங்க? நாளைக்கு யாரு கேட்டாலும் நம்மகிட்ட மருந்து இருக்குன்னு தைரியமா சொல்லலாமில்ல?"

சொல்லலாம் என்று நாங்கள் தலையாட்டினோம்.

அடுத்த வாரம் புழு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை கணினியைப் போட்டதும் திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி தோன்றியது. இந்தக் கணினி அணையப் போகிறது, உங்கள் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அறுபதிலிருந்து கீழ்நோக்கி எண்ண ஆரம்பித்தது. அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. பூஜ்யம் வந்ததும் அணைந்தது. தானே எழுந்தது. எழுந்ததும் மறுபடி அறுபது.

நாலு நாள் எல்லாரும் பயந்துபோயிருந்தோம். ஐந்தாம் நாள் இளையபெருமாள் தெளிவடைந்தார். ஒரு மனிதனுக்கு நாள் முழுக்க நேரம் கொடுத்தால் நாள் முழுக்க வேலையை இழுப்பான், அறுபது விநாடி கொடுத்தால் அறுபது விநாடியில் முடிப்பான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதற்கு அறுபது விநாடித் திட்டம் என்று பெயர் வைத்தார். விளையாட்டு ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஸ்டாப்வாட்ச் இரவல் வந்தது. ஒருவர் திரையைப் பார்த்து எண்ணிக்கையை உரக்கச் சொல்ல, இன்னொருவர் தட்டச்ச, பதினைந்தில் ஒரு பெயரை ஏற்றிவிட்டு ஐந்தில் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு பெயர்கள் ஏறின.

சென்னைக்கு அனுப்பும் தினசரி அறிக்கையில் 'கணினி இயக்கப்பட்ட முறைகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதுவரை நாங்கள் அதில் ஒன்று என்றுதான் எழுதிவந்தோம். இப்போது நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தாறு என்று எழுதினோம். செப்டம்பர் கடைசியில் மாநிலத்திலேயே கணினியை அதிகமுறை இயக்கும் அலுவலகம் என்று பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினோம். ஆணி அடித்தவன் நான்.

அந்தக் கடிதம் வந்த வாரம்தான் அய்யம்பெருமாள் வந்தார்.

விக்கிரமங்கலத்துக்காரர். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவர் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த புள்ளிகள். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவருடைய மகள் புவனேஸ்வரி, எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஆகஸ்டில் மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நாலாம் நாள் அந்தப் பிள்ளை இல்லை.

அவளை யாரும் படம் எடுத்ததில்லை. ஸ்டூடியோவுக்குக் குடும்பமாகப் போக வேண்டும் என்று மூன்று தீபாவளியாகத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்த அன்று அவளுக்கு அம்மை. எட்டு வருட வாழ்க்கையில் அவள் ஒரே ஒரு கேமராவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அது மார்ச் மாதம் விக்கிரமங்கலத்தில் நாங்கள் போட்ட முகாமில். படம் எடுத்தவன் நான். அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேரை எடுத்தேன். எனக்கு அவளை நினைவில்லை.

அந்தப் படத்தை ஒரு தாளில் அடித்துக் கொடுத்தால் போதும் என்றார். கலர்கூட வேண்டாமாம். எல்லாவற்றையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"சார், எம் பொஞ்சாதி திடீர் திடீர்னு எந்திரிச்சு ஒக்காந்துகிட்டு, புள்ளையோட மூக்கு எப்புடி இருக்கும்னு கேக்குறா. மொகம் கலைஞ்சுகிட்டே போவுதுங்குறா. நானும் சொல்றேன். ஆனா நான் சொல்றது ஒரு நாளைக்கு ஒருமாரி இருக்குது சார்."

நான் பதிவேட்டில் எண்ணைத் தேடினேன். இருந்தது. 20417. படம் உள்ளே இருக்கிறது என்று சொன்னேன். அந்த மனிதர் என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கணினியின் நிலைமையைச் சொன்னேன். எழுந்ததும் எங்கள் மென்பொருளைத் திறக்கவே நாற்பது விநாடிக்கு மேல் ஆகும். எண்ணைப் போட்டால் படம் மேலிருந்து கீழே கோடு கோடாக வரும். படத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க அந்த மென்பொருளில் வழியே இல்லை. பார்க்கலாம், அச்சிடலாம், அவ்வளவுதான். பிரிண்டர் முனகிச் சூடாவதற்குள் திரை இருண்டுவிடும். ஆகவே கணினி சரியானால்தான் முடியும், அதற்கு முன்னால் விண்ணப்பம் கொடுத்துவைக்கலாம் என்றேன்.

விண்ணப்பத்தைச் சிந்தாமணி அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பதிவின் நகல் வேண்டுமென்றால் பதிவுதாரர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், இது விதி ஒன்பது என்றார். பதிவுதாரர் புவனேஸ்வரி. அவள்தான் இல்லையே என்றார் அய்யம்பெருமாள்.

"இல்லைங்கறதுக்கு இறப்புச் சான்று குடுக்கலாம். ஆனா குடுத்தீங்கன்னா விதி பதினொண்ணுப்படி ஏழு நாள்ல நான் அந்தப் பேரை நீக்கியாகணும். பேரை நீக்கினா படமும் சேந்து போயிடும். இல்லாத படத்துக்கு நான் எப்படி நகல் குடுக்கறது? அதனால சான்றக் குடுக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அம்மாளின் குரலில் பரிவு இருந்தது. அதுதான் கொடுமை. அய்யம்பெருமாள் பையிலிருந்து பாதி எடுத்திருந்த சான்றிதழை மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். சட்டத்தின் பார்வையில் அவர் மகள் உயிரோடு இருப்பதாகவும், நேரில் வர மறுப்பதாகவும் விண்ணப்பம் நிலுவையில் வைக்கப்பட்டது.

கணினி எப்போது சரியாகும் என்று கேட்டார். கணினியில் கை வைக்க உரிய மாவட்டத்தின் தடையில்லாக் கடிதம் வேண்டும், அரியலூருக்குப் போய்க் கேளுங்கள் என்று இளையபெருமாள் அனுப்பிவைத்தார். அங்கே கலைந்த மாவட்டத்தின் பழைய அலுவலகம் ஒரு பீரோவோடும் ஒரு காவலாளியோடும் இன்னும் இருந்தது. பொறுப்பு அலுவலர் வியாழக்கிழமை மட்டும் வருவார். அய்யம்பெருமாள் வியாழக்கிழமை போய் வரிசையில் நின்று உள்ளே போனார். நாற்காலியில் இளையபெருமாள் இருந்தார். அரியலூர்ப் பொறுப்பும் கூடுதலாக அவருக்குத்தான்.

அய்யம்பெருமாள் ஒரு கணம் மகிழ்ந்துபோனாராம். தெரிந்த முகம் அல்லவா. நேற்றுப் பெரம்பலூரில் சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னார். இளையபெருமாள் எதையும் முன்னால் கேட்டிராதவர் போல முழுவதும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அய்யம்பெருமாள் என்னிடம் அதைத் திரும்பச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

"இங்கேருந்து எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லப்பா. ஆனா பெரம்பலூர் அலுவலர் கொஞ்சம் கண்டிப்பானவரு. வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாரு. நான் எழுத்து மூலமா அவருக்கு அனுப்புறேன். அவரு பாத்து முடிவு பண்ணட்டும்."

கடிதம் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு வர ஒன்பது நாள் ஆனது. வந்ததும் இளையபெருமாள் அதைத் திறந்து படித்து, தான் போட்ட கையெழுத்துக்குக் கீழே பதவி முத்திரை தெளிவாக இல்லை என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். அடுத்த வியாழக்கிழமை அரியலூரில் அந்தக் குறிப்பைப் படித்து வருத்தப்பட்டார். பெரம்பலூர்க்காரர்கள் எப்போதும் இப்படித்தான் என்று காவலாளியிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படியே அக்டோபர் போனது. அய்யம்பெருமாள் காலையில் வருவார், மத்தியானம் பஸ் பிடித்து ஜெயங்கொண்டம் போய் மாலைக் கடைக்கு மாவு பிசைவார். ஒரு நாள் தனியாக வரவில்லை. கூட அல்தாப் வந்தார்.

அல்தாப் லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஏழெட்டு வருடம் துபாயில் ஒரு கம்பெனியில் கணினிகளைப் பராமரித்துவிட்டுத் திரும்பி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அய்யம்பெருமாள் வழியில் கண்ட கணினிக் கடைக்குள் நுழைந்து, அறுபது எண்ணுகிற கம்ப்யூட்டரை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறார். ஒரு பிள்ளையின் படத்துக்காக ஒரு மனிதன் ஒரு மாதம் அலைகிறான் என்று கேட்டதும் அல்தாப் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்.

அவர் எங்கள் கணினியைத் தூரத்திலிருந்தே பார்த்தார். தொடக்கூட இல்லை.

"சார், இதே புழு எங் கடைக்கும் வந்துச்சு. எட்டு சிஸ்டம். அரை நாள்ல சரி பண்ணிட்டேன். ஒண்ணுமில்லைங்க, பின்னாடி இருக்கற அந்த நெட் ஒயர புடுங்கிடுங்க. அது வழியாத்தான் வருது. புடுங்கிட்டா அது பாட்டுக்கு நிக்கும். அப்பறம் ஓட்டைய அடைக்கற சீடியப் போடுங்க. மொத்தம் பத்து நிமிஷம். எங்கிட்ட சீடி இருக்கு, காசெல்லாம் வேணாம். இந்த மனுசனப் பாருங்க சார்."

அறையில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் அந்த ஒயரைப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில், சுண்டு விரல் கனத்தில், நுனியில் பிளாஸ்டிக் கொக்கியோடு இருந்தது. வெளி ஆள் கொண்டுவரும் சீடி அலுவலகப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று முதலில் இளையபெருமாள் சொன்னார். எங்களிடமே ஒரு சீடி இருக்கிறது, அது மிகப் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு ஒயருக்கு வந்தார்.

"தம்பி, இது நீங்க நெனைக்கற மாதிரி சாதாரண ஒயரு இல்ல. சென்னையிலேருந்து பெரியவங்க வந்து ரிப்பன் வெட்டிக் குடுத்த இணைப்பு. இதப் புடுங்கினா அந்த நிமிஷமே இணைப்பு துண்டிப்புன்னு ரிப்போர்ட் போயிடும். இணைப்புல நாம மாநிலத்துலேயே மூணாவது இடம். ஒரு போட்டோவுக்காக மாவட்டத்த நாலாவது இடத்துக்குத் தள்ளச் சொல்றீங்களா?"

அல்தாப் அய்யம்பெருமாளின் தோளில் கை வைத்து, வாங்கண்ணே என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனார். போகும்போது திரும்பி என்னைப் பார்த்தார். என் இடுப்பில் பீரோச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நான் சட்டையை இழுத்து அதை மூடிக்கொண்டேன்.

நவம்பரில் சென்னையிலிருந்து இரண்டு கடிதங்கள் ஒரே தபாலில் வந்தன. ஒன்று, சீடி தீரும் பொருளா, தீராத பொருளா என்பதற்குப் பதில். கேள்வி உயர் மட்டக் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது, முடிவு வரும்வரை உறையைப் பிரிக்க வேண்டாம். இன்னொன்று, பாதிக்கப்பட்ட கணினிகளை ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் நேரில் வந்து முழுவதுமாகத் துடைத்துப் புதிதாக அமைப்பார். எங்களுக்கு ஒதுக்கிய நாள் வரும் வெள்ளிக்கிழமை. பெயர்களை ஃப்ளாப்பியில் நகலெடுத்துக்கொள்ளலாம். படங்களை நகலெடுக்க முடியாது, அவை அழிந்துவிடும். அதனால் பாதகமில்லை, அனைவரையும் மீண்டும் முகாமுக்கு அழைத்துப் புதிதாகப் படம் எடுத்துக்கொள்க.

அனைவரையும் என்ற சொல்லை நான் மூன்று முறை படித்தேன். அதில் விதிவிலக்கு ஏதும் இல்லை.

அய்யம்பெருமாளின் ஓட்டலுக்குப் போன் போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வாருங்கள், அன்றைக்கு அலுவலர் அரியலூரில் இருப்பார், வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அச்சிட்டுத் தர முடியாது, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். வருகிறோம் சார் என்றார். பின்னால் பரோட்டா கொத்தும் சத்தம் கேட்டது.

செங்கமலத்தை அன்றுதான் பார்த்தேன். ஒல்லியான பெண். துவைத்து மடித்து வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கணினி முன்னால் என் நாற்காலியைப் போட்டேன். உட்கார மாட்டேன் என்றார். வற்புறுத்திய பிறகு அவரும் நுனியில்தான் உட்கார்ந்தார். சிந்தாமணி அம்மாள் எங்களைப் பார்க்காதவர் போலப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அது அவரால் முடிந்த உதவி.

முதல் முறை, என் விரல் தடுமாறியது. படம் நெற்றி வரைக்கும்தான் இறங்கியது. எண்ணெய் தேய்த்து வகிடெடுத்த தலை தெரிந்தது, பொட்டு தெரிந்தது, இருண்டுவிட்டது. செங்கமலம் திரையைத் தொடப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இரண்டு நிமிடம் காத்திருந்தோம். இரண்டாம் முறை கண்கள் வந்தன. மூன்றாம் முறை முழு முகமும் வந்து, நான்கு விநாடி நின்றது. அதற்குப் பிறகு எனக்குக் கை பழகிவிட்டது. அறுபது விநாடித் திட்டத்தில் நான் தேறியது அன்றைக்குத்தான். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு விநாடி கிடைத்தது.

சாதாரணப் பிள்ளை. கொஞ்சம் சப்பையான மூக்கு. மேல் பல் ஒன்று விழுந்து முளைக்காமல் இருந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று யாரிடமோ கேட்பது போல் பக்கவாட்டில் பார்த்தபடி இருந்தாள். யாரிடமோ என்ன, என்னிடம்தான். சிரிக்காதே என்று நான் சொல்லியிருப்பேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வோம்.

ஏழாவது முறையில் செங்கமலம் பேசினார். கணவரைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி, "மேல் பொத்தானு மாறிப் போட்டுருக்கு பாருங்க. அவசரத்துல நாந்தான் போட்டு வுட்டேன்" என்றார். எட்டாவது முறை அதையே பார்த்தார். ஒன்பதாவது முறை காதைப் பார்த்தார். அவர் மனப்பாடம் செய்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு முறைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, இருண்டிருந்த நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மாலை ஐந்தரை. சிந்தாமணி அம்மாள் பேனாவை மூடி வைத்தார். இருபத்தைந்து முறைக்கு மேல் பார்த்தாகியிருக்கும். இன்னும் ஒரு முறைதான் முடியும் என்றேன். படம் வந்தது. பெட்டியில் எண் ஓடிக்கொண்டிருந்தது. செங்கமலம் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"அல்தாப் தம்பி இவருகிட்டச் சொல்லுச்சாம். அந்த ஒயரப் புடுங்குனா இது அணையாம நிக்குமாம். நான் புடுங்கட்டுங்களா சார்? நீங்க பண்ணலன்னு சொல்லிக்கிடலாம்."

அவர் கை ஏற்கெனவே அங்கே இருந்தது. கொக்கியின் மேல் கட்டைவிரல். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. ஜூலை மாதம் இருந்திருக்கும், மன்னிப்புக் கடிதம் இருந்திருக்கும். அவர் அதைப் பார்த்தார். மகளைப் பார்க்க வேண்டிய அந்தப் பன்னிரண்டு விநாடியில் என் முகத்தைப் பார்த்தார். கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"வேணாங்க. ஒங்க வேலைக்கு ஏதும் வந்துடப் போவுது" என்றார்.

அவர் திரும்பியபோது திரை இருண்டிருந்தது. அய்யம்பெருமாள் எனக்கு நன்றி சொன்னார். நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு, இருவரும் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் திருச்சியிலிருந்து வந்தார். இளையபெருமாள் அவரை வரவேற்றுப் பாராட்டுக் கடிதத்தைக் காட்டினார். அந்த ஆள் தலையசைத்துவிட்டுக் கணினிக்குப் பின்னால் குனிந்து, பேசிக்கொண்டே ஒயரைப் பிடுங்கினார். யாரிடமும் கேட்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாநிலத்தில் எத்தனையாவது இடத்துக்கு இறங்கினோம் என்று யாரும் விசாரிக்கவில்லை.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் டீ குடித்துவிடலாம் என்று இளையபெருமாள் அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். பதினொரு நிமிடம் ஆனது. சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். அந்தப் பதினொரு நிமிடமும் கணினி ஒருமுறைகூட அணையவில்லை. அறுபது எண்ணும் பெட்டி வரவே இல்லை. பிரிண்டரில் தாள் இருந்தது. 20417 என்ற எண் எனக்கு மனப்பாடம். அறையில் என்னையும் சிந்தாமணி அம்மாளையும் தவிர யாரும் இல்லை. அவர் ஒருமுறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.